எனக்கு மேலே ஒரே ஒருவர்

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் எட்டு மாதம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் பைலட் என்று சொன்னேன். பொய் இல்லை. ஒரு சின்ன தனியார் விமானக் கம்பெனியில் நான் துணை விமானி. தோளில் மாட்டிக்கொள்ள மூன்று கோடு போட்ட பட்டை இருந்தது. பீரோவில் வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசியாக எப்போது விமானம் ஓட்டினாய் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும்.

கம்பெனி ஆரம்பித்தபோது நாலு விமானங்கள் இருந்தன. இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானங்கள். மெட்ராஸ், மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் என்று குட்டி குட்டியாகப் பறந்தோம். பிறகு ஒரு விமானத்துக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று இன்னொன்றைப் பிரித்தார்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டவில்லை. மூன்றாவதைக் குத்தகைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில் மதுரையிலிருந்து ஒன்று மட்டும் பறந்தது. மெட்ராஸில் எங்களைத் தங்கவைத்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, எல்லாரும் ஊரில் போய் இருங்கள், தேவைப்படும்போது போன் செய்வோம், போன் வந்த நாலு மணி நேரத்தில் மதுரை விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு பஸ் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து விமான நிலையம் போகத் தனியாக நேரம் வேண்டும். குளித்து, சட்டை மாட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓட அரை மணி. ஆக, மணி அடித்தால் காதில் விழும் தூரத்தைத் தாண்டி நான் போக முடியாது. கடைக்குப் போனால் ஓடி வர வேண்டும். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக் குளிக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக்கூட அந்த இரண்டே முக்கால் வருடத்தில் நான் நாலைந்து தடவைதான் போயிருப்பேன். ஆடிப்பூரத் தேர் இரண்டு வருடம் நான் இல்லாமல் ஓடியது. தேருக்கு ஒன்றும் குறைவு வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

என் மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்கு டிபன்பாக்ஸோடு கிளம்புவாள், சாயங்காலம் ஆறரைக்கு வியர்வையும் பஸ் புழுதியுமாக வருவாள். நான் அதே நாற்காலியில் இருப்பேன். ஒரு நாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, நீங்க பைலட்டா, போனுக்கு வாட்ச்மேனா?"

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் அதைப் பெரிய இழப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் இடி இடித்தால் போன் செத்துப்போகும். சைக்கிளை எடுத்துக்கொண்டு தொலைபேசி நிலையத்துக்குப் போய் நிற்பேன். லைன்மேன் என்னைப் பார்த்ததும் ஓடி ஒளிய ஆரம்பித்தார். ஒரு தடவை நாலு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் மணி அடித்ததும் நான் பாய்ந்து எடுத்தேன். பஞ்சுக் கழிவு என்ன விலை என்று யாரோ கேட்டார்கள். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு, போன் வேலை செய்கிற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவ்வளவு கேவலமாக ஆகியிருந்தேன்.

அப்படி இருந்தவன் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். அதற்குப் பதில் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. அதுதான் பட்டியல்.

விமானக் கம்பெனியில் துணை விமானி கேப்டன் ஆவது கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் அல்ல. எந்த நாளில் சேர்ந்தானோ அந்த நாளின்படி ஒரு வரிசை உண்டு. கேப்டன் இடம் ஒன்று காலியானால் வரிசையில் முதல் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, இடது பக்க இருக்கையில் உட்காரவைத்து, தோளில் நாலாவது கோடு போடுவார்கள். நாங்கள் பதினொரு துணை விமானிகள். நான் ஏழாவது. எனக்கு நேர் மேலே ஆறாவதாக இருந்தவர் மெட்ராஸ்காரர். நானும் அவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் போன பஸ் கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் பஞ்சராகி நின்றதால் மெட்ராஸ் ஆபீசில் மத்தியானத்துக்குமேல்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் காலையிலேயே போட்டிருந்தார். ஒரு டயரால் நான் அவருக்குக் கீழே போனேன்.

வேறு கம்பெனிக்குப் போனால் இந்த வரிசை நம்மோடு வராது. பத்து வருடம் பறந்தவனாக இருந்தாலும் அங்கே கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். அதுதான் எங்களைக் கட்டிப்போட்ட கயிறு. இதில் விசித்திரம் என்னவென்றால், கம்பெனி மோசமாக மோசமாக ஆட்கள் விலகினார்கள். ஆள் விலக விலக என் எண் மேலே ஏறியது. ஏழு ஐந்தானது, ஐந்து மூன்றானது. ஒவ்வொரு முறையும் கம்பெனி புதுப் பட்டியல் டைப் அடித்துத் தபாலில் அனுப்பும். நான் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவேன். சம்பளம் பாதி வந்தது, பிறகு கால் வந்தது, ஆனால் பட்டியல் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

"மேல இருந்தவிய எல்லாம் எங்க போறாங்கன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"அவங்களுக்குப் பொறுமை இல்ல."

"உங்களுக்கு எம்புட்டு பொறுமை இருக்குன்னுதான் நான் தெனமும் பாக்கனே" என்றாள்.

என் பக்கம் பேசியவர் என் அப்பா மட்டும்தான். அவருக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியும். ஊரில் ஒரு நூற்பாலையில் அவர் ஒன்பது வருடம் பதிலியாக இருந்தவர். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத அன்று அந்த இடத்தில் வேலை செய்பவர். ஷிப்டு தொடங்கும் முன்னால் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு எத்தனை பேர் வரவில்லை என்று பார்த்து, உள்ளேயிருந்து கிளார்க் வந்து பட்டியல் வரிசைப்படி கூப்பிடுவார். கூப்பிடாதவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த சங்குக்குத் திரும்ப வர வேண்டும். சில நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வேறு மில்லுக்குப் போனால் அங்கே கடைசிப் பெயர். இப்படி ஒன்பது வருடம் நின்றுதான் அப்பா நிரந்தரமானார். பிறகு மேஸ்திரி ஆனார். அந்தச் சம்பளத்தில் நான் மதுரையில் படித்தேன். பிறகு அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அது போதாததற்குத் தேவதானத்தில் அம்மா பங்குக்கு இருந்த தோப்பையும் விற்று என்னை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள்.

"பேரு மேல வந்துக்கிட்டு இருக்குலே. இப்பப் போயி விடுவியாக்கும்?" என்பார் அப்பா. வேறு எதையும் கேட்கமாட்டார்.

மில் கேட்டுக் கதைகள் அவரிடம் நிறைய உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சிரித்துக்கொண்டே சொல்லுவார். அதில் ஒன்று இது. கேட்டில் கூட்டம் அதிகமாக இருந்தால், தனக்கு மேலே பெயர் உள்ள ஆளிடம் போய் மெதுவாக, "அந்த மில்லுல இன்னைக்கு ஆள் எடுக்காகளாம், போய்ப் பாரு" என்று சொல்லிவிட வேண்டியது. அவன் நம்பிப் போய்விட்டால் கிளார்க் கூப்பிடும்போது இருக்கமாட்டான். அந்த இடம் நமக்கு. இதைச் செய்யாத பதிலியே கிடையாது என்று அப்பா சொல்லுவார். எனக்கும் சிரிப்பாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி ஒருவர் வருவார். எண்பதுகளில் நான் கல்லூரியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மில் ஒன்றில் ஃபிட்டர். அங்கிருந்து பால்கோவா டப்பா கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி இல்லேன்னா நான் இல்ல" என்று ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார். அப்பா "சரி சரி, காப்பியக் குடிங்க" என்பார். அவர் போனதும் நாங்கள் டப்பாவைப் பிரித்து மேய்ந்துவிடுவோம். அப்பா ஒரு விரல்கூட வைக்கமாட்டார். காப்பிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிற மனுஷன். தித்திப்பு ஆகாது என்று சொல்லிவிடுவார். அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நான் வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆனபோது பட்டியலில் நான் இரண்டாவது. எனக்கு மேலே அந்த மெட்ராஸ்காரர் ஒருவர்தான். கேப்டன்களில் ஒருவர் விலகப்போகிறார் என்றும், குத்தகைக்கு இரண்டு விமானங்கள் வரப்போகின்றன என்றும் கம்பெனியில் பேச்சு. இடம் ஒன்று. நாங்கள் இரண்டு பேர். அவர் இருந்தால் அவருக்கு, அவர் போனால் எனக்கு.

அந்த வாரத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் கடிதம் எனக்கு வந்தது. ஜெட் விமானம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பட்டியலில் கடைசியாகச் சேர்க்கப்படுவீர்கள் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நான் அதை மனைவியிடம் காட்டவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை. பீரோவில் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் முதல் படியில் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்த நாலாவது கோட்டை விட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸ்காரர் போன் செய்தார். அதே கடிதம் அவருக்கும் போயிருந்தது.

"ஸார், ஒண்ணும் புரியல. ராத்திரி தூக்கமே இல்ல. மேலேயும் யாரும் இல்ல, நான்தான் ஃபர்ஸ்ட். இப்போ போய் அங்கே கடைசியில நிக்கறதா? நீங்க என்ன சொல்றீங்க?"

உங்களுக்கும் வந்ததா என்று அவர் கேட்டார். வரவில்லை என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. பிறகு பேச ஆரம்பித்தேன். எனக்கே தெரியாமல் எனக்குள் இவ்வளவு பெரிய வக்கீல் இருந்திருக்கிறான்.

"ஸார், நீங்க போயிடுங்க. இங்கே பறக்கறதே ஒரு விமானம். நாளைக்கு அதுவும் நின்னா, வரிசையில முதல்ல இருந்து என்ன பிரயோஜனம்? ஆறு மாசம் பறக்காம இருந்தா உங்க லைசென்ஸ் என்ன ஆகும்? அங்கே வருஷத்துக்கு நாலு விமானம் வாங்கறாங்க. கடைசியில நின்னாலும் சீக்கிரம் நகரும். இங்கே நம்பர் மட்டும்தான் ஸார் நகருது."

அத்தனையும் சத்தியமான வார்த்தை. ஒன்றில்கூடப் பொய் இல்லை. ஆனால் நான் அதை நம்பிச் சொல்லவில்லை. அவரைக் கிளப்பிவிடுவதற்காகச் சொன்னேன். சொல்லும்போதே என் பெயர் பட்டியலின் உச்சியில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான் ஸார்" என்றார் அவர். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா வாசல் பக்கம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த மாதம் புதுப் பட்டியல் வந்தது. ஐந்தே பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. நான் மனைவியிடம், வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வா என்று சொன்னேன்.

"கேப்டன் ஆயிட்டீங்களா?"

"இல்ல. நம்பர் ஒன் ஆயிட்டேன்."

"அதுக்கு எந்த ஏர்போர்ட்டுல உக்காரணும்?" என்றாள். ஆனாலும் வாங்கி வந்தாள். அப்பா அதைத் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த ஒற்றை விமானமும் நின்றது. கம்பெனி மூடிவிட்டது என்று சொல்லவில்லை. தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறோம், குத்தகைப் பேச்சு நடக்கிறது என்று எழுதினார்கள். நானும் நம்பினேன். ஏனென்றால் நம்பாவிட்டால் நான் செய்த காரியத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். எனக்குக் கீழே இருந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். வந்த கடைசிப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது. அதற்கும் எதிரே ஒழுங்காக ஒன்று என்று நம்பர் போட்டிருந்தார்கள். வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். ஒரு வருடத்துக்குமேல் பறக்காதவரைச் சேர்ப்பது சிரமம் என்று பதில் வந்தது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் டெலிபோன் என்று எழுந்திருப்பேன். போவதற்கு இடமும் இல்லை, இருப்பதற்குக் காரணமும் இல்லை. அந்த நாட்களில் என் வீட்டுச் சுவர்களை நான் வெறுத்தேன். அப்பாவின் மில் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

இரண்டு வருடம் எட்டு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மெட்ராஸ்காரர். கூட மனைவி. ஆண்டாளைச் சேவித்துவிட்டு நேரே வருகிறோம் என்றார். கையில் பால்கோவா டப்பா. போன வாரம்தான் அவர் கேப்டன் ஆகியிருக்கிறார்.

உட்காருவதற்கு முன்னாலேயே தன் மனைவியிடம் என்னைக் காட்டி, "இவர்தான். இவர் மட்டும் அன்னைக்குப் போன்ல அப்படிச் சொல்லலைன்னா நான் இன்னும் அந்த லிஸ்டைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருப்பேன். நான் போனா தான் அங்கே தனியா மாட்டிக்குவோமேன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம என்னைப் போகச் சொன்னார்" என்றார். அந்த அம்மாள் கை கூப்பினார். நானும் கூப்பினேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு காப்பி டம்ளர்களோடு நின்றாள்.

அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அவர் கம்பெனியில், பறந்து நாளானவர்களுக்கு மறுபயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்களாம், இவருக்கு நான் பொறுப்பு என்று மேலே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். "லாஸ்ட் நம்பர்தான் கிடைக்கும். எனக்கு நூறு பேர் கீழே வரும். அதை மனசுல வெச்சுக்காதீங்க ஸார்." டப்பாவை என் கையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

கார் போனபிறகு நான் அந்த டப்பாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி அதை வாங்கிப் பிரித்து ஒரு தட்டில் வைத்து முன்னால் நீட்டினாள். என் கை நீளவில்லை.

"தித்திப்பு ஆகாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீவாளிக்கு வருவானே, அந்த ஃபிட்டரு. அவன் எனக்கு மேல இருந்தவன்லே" என்றார். "ஆள் எடுக்காகன்னு நான்தான் அனுப்புனேன். போன அன்னைக்கே அவன எடுத்துட்டாக. ரெண்டே வருசத்துல பெர்மனென்ட். நான் அதுக்குப் பொறவும் அஞ்சு வருசம் கேட்டுல நின்னேன்."

"ஏம்ப்பா நீங்களும் போகல?"

"அவன் போன பொறவு என் பேரு ஒண்ணு மேல வந்துட்டுல்லா" என்றார்.

பிறகு அவர் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எண்பதுகளிலிருந்து நான் பார்த்திராத காட்சி அது. மென்று முழுங்கிவிட்டு, "போலே. போயி கடைசில நில்லு. அந்தத் தாள்ல இன்னைக்கே கையெழுத்தப் போடு" என்றார்.

போட்டேன். மறுநாள் கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, மெட்ராஸ் ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இரண்டு மூன்று முறை எழுதிக் கிழித்து, கடைசியில் நாலே வரி. நாலு வரிக்கு அவ்வளவு தாளைக் கிழித்ததை இப்போது நினைத்தால் என்மேலே எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. அந்த உறையைத் தபால் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் முதல்முறையாக டெலிபோனை மறந்து மத்தியானம் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் போஸ்ட்மேன் சைக்கிளில் வந்து மணி அடித்தார். நான் அனுப்பிய அதே உறை. மூலையில் கொஞ்சம் கசங்கியிருந்தது, பிரிக்கப்படவில்லை. அந்த விலாசத்தில் ஆபீஸே இல்லையாம், காலி செய்து ஏழு மாதம் ஆகிவிட்டதாம், யார் எங்கே போனார்கள் என்று தெரியவில்லையாம்.

"உங்க தபால்தான் ஸார், திரும்பி வந்துட்டு. இந்த எடத்துல கையெழுத்துப் போட்டுருங்க" என்று பேனாவை நீட்டினார்.

என் ராஜினாமாவை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.